அறிஞரை நிறுக்கும் தராசு யார் கையில்?

(நீர்வேலியிற் கமக்காரரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



பல்கலைக்கழக விவகாரம் ஒன்றைப் பேசுவதற்கு வாழைத்தோட்டங்களின் நடுவே அமைந்த இவ்வூரைத் தெரிந்தெடுத்தது ஏன் என்று, கூட்ட அறிவித்தலைக் கண்ட அன்பர் ஒருவர் வினவினார். காரணம் உண்டு. இன்றைய பேச்சு தராசைப் பற்றியது. தராசின் சூட்சுமத்தை உங்களினும் நன்கு அறிந்தவர் எவர்? விடியுமுன் குலை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுசென்று, நிறுத்த நிறையில் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று குறைக்கப்படுவதைக் கண்டு மனம் நொந்து திரும்பியவர்கள் நீங்கள். அக்கழிவை எதிர்த்துக் குடாநாட்டுக் கமக்காரர் எத்தனை முறை குரலெழுப்பினர் என்பதையும் அறிவீர்கள். தராசு பொய் சொல்லவில்லை; படிக்கல்லும் சரியாகவே இருந்தது; ஆயினும் வீடு வந்த காசு குறைந்தது. ஏன்? நிறுத்த பின் போடும் கணக்கின் விதியை எழுதியவர் நீங்கள் அல்லர்.

அத்தகைய கணக்கொன்றே இன்று நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வாளரை நிறுக்கின்றது. எத்தனை கட்டுரை எழுதினார், எந்தச் சஞ்சிகையில் எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோளாக எடுத்தனர் என்று எண்ணி, அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளியிட்டுப் பதவி உயர்வு வழங்குகின்றனர். இது படித்தவர் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று கமக்காரர் எவரும் எண்ணற்க. பேராசிரியராவதற்கு எந்த ஆய்வு புள்ளி தருமோ அந்த ஆய்வே நடைபெறும். புள்ளி தராத ஆய்வு உங்கள் கிணற்றுநீரைப் பற்றியதாயினும், உங்கள் பிள்ளை படிக்கும் பாடநூலைப் பற்றியதாயினும் தேடுவாரின்றிக் கிடக்கும். பல்கலைக்கழகம் நடப்பதோ உங்கள் வரிப்பணத்தில்.

மேற்கோள் என்பது யாதென்று முதலிற் கூறிவிடுகின்றேன். ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதுங்கால், தமக்கு முன் அப்பொருளை ஆராய்ந்தோர் பெயரையும் அவர்தம் எழுத்தையும் உசாத்துணையாக இறுதியிற் குறிக்கின்றார். அங்ஙனம் குறிக்கப்படுதலே மேற்கோள். இங்குள்ள சட்டத்தரணிகளுக்கு இது புதிதன்று. பழைய தீர்ப்பை எடுத்துக்காட்டி வழக்காடுவது அவர்களுடைய நாளாந்தத் தொழில். அப்பழைய தீர்ப்பு பின்வந்த நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று உடனே கண்டறிவதற்காக அமெரிக்காவில் பிராங்க் செப்பர்ட் என்பார் 1873 ஆம் ஆண்டிலேயே ஒரு சுட்டியை வெளியிடத் தொடங்கினார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, விஞ்ஞானத்துக்கும் அத்தகைய சுட்டி வேண்டும் என 1955 ஆம் ஆண்டு எழுதியவர் இயூஜின் காபீல்ட். பிலடெல்பியா நகரில் அவர் நிறுவிய நிலையம் 1960களின் முற்பகுதியில் விஞ்ஞான மேற்கோட் சுட்டியை வெளியிட்டது. அதற்கு வெகு முன்னரே, 1927 ஆம் ஆண்டில், கல்லூரி நூலகமொன்று எந்த இரசாயனச் சஞ்சிகைகளை வாங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கு இரு அமெரிக்கர் மேற்கோள்களை எண்ணிப் பார்த்தனர். நூலகப் பணியைக் கணித முறையால் அளத்தல் வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த மாநாடொன்றிற் கூறியவரோ சீர்காழியிற் பிறந்த நம் தமிழர், நூலகவியலின் தந்தை அரங்கநாதன் அவர்கள்.

இவர்கள் அளக்க முற்பட்டவை நூல்களும் சஞ்சிகைகளும் நூலகங்களும். ஒரு மனிதனுடைய சம்பளத்தை நிர்ணயிப்பதற்கு இக்கணக்கு தொடங்கப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சஞ்சிகைக்கு இடும் 'தாக்கக் காரணி' என்ற எண்ணும் அவ்வாறு பிறந்ததே. ஒரு சஞ்சிகை முன்னிரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டு எத்தனை மேற்கோள் பெற்றன என்று பார்த்து, அதனைக் கட்டுரைகளின் தொகையால் வகுத்துப் பெறும் ஈவு அது. சந்தையிற் பேர்பெற்ற கடையில் வாங்கிய பழம் என்பதனால் ஒவ்வொரு பழமும் இனிக்கும் என்று எவரும் கூறார். ஆயினும் பேர்பெற்ற சஞ்சிகையில் வந்தது என்ற ஒன்றையே கொண்டு கட்டுரைக்குப் புள்ளியிடும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. அதனைக் கைவிடுமாறு 2012 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஒரு பிரகடனம் செய்யவேண்டி நேர்ந்தது.

தமிழருக்கு மேற்கோள் அந்நியமான சரக்கன்று என்பதையும் இடையே சொல்லவேண்டும். முத்தொள்ளாயிரம் என்ற நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூல் எடுத்தாண்டமையால் அதன் நூற்றெட்டுப் பாடல்கள் பிழைத்தன. யாப்பருங்கல விருத்தியை எடுத்துப் பாருங்கள். இறந்துபட்ட நூல்கள் எத்தனையோ அதன் மேற்கோள்களிலேயே பெயரளவிலேனும் உயிர் வாழ்கின்றன. ஆனால், நம் உரையாசிரியர் ஒருவரை மறுக்கப் புகும்போது பெயர் கூறாது, 'என்பாரும் உளர்' என்று ஒதுக்கிச் செல்வர். இதனை எந்த இயந்திரம் எண்ணும்? பெயர் கூறிப் பாராட்டியதும் ஒரு மேற்கோள்; பெயர் கூறிக் கண்டித்ததும் ஒரு மேற்கோள்; பெயர் கூறாது பின்பற்றியது பூச்சியம். இதுவே அக்கணக்கின் இலட்சணம்.

இனி, இன்று எங்கும் புழங்கும் 'எச் சுட்டெண்' என்பதற்கு வருவோம். 2005 ஆம் ஆண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் இதனை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோளாகி, இருபத்தொன்று என்ற அளவை எட்டாதிருப்பின் அவருடைய எண் 20. எளிய கணக்கு, அதனாலேயே பரவிற்று. ஆனால், அதனை வகுத்தவரே தம் கட்டுரையில், பௌதிகவியலில் முதலிடம் பெற்ற எட்வேட் விற்றனுக்கு எண் 110 என்றும், உயிரியற்றுறையில் முதல்வரான சொலமன் சினைடருக்கு 191 என்றும் காட்டி, துறைக்குத் துறை எண் மாறுபடும் என்று எச்சரித்தார். விற்றன் சினைடரினும் அறிவிற் குறைந்தவர் என்று எவரேனும் கூறுவரா? எண் பரவிய வேகத்தில் எச்சரிக்கை பரவவில்லை.

துறைக்குத் துறை ஏன் மாறுகின்றது? மருத்துவக் கட்டுரையொன்றின் இறுதியில் உசாத்துணைகள் நாற்பது ஐம்பது என நிரையாக நிற்கும். எழுதுவோர் தொகை பெரிது. சஞ்சிகைகளும் மிகப் பல. கணிதக் கட்டுரையிற் குறிக்கப்படுவோர் சிலரே. வரலாற்றறிஞரும் இலக்கிய அறிஞரும் கட்டுரையிலும் நூலையே பெரிதாக மதிப்பர்; பத்தாண்டு உழைத்து ஒரு நூல் எழுதுவர். வாழை ஓராண்டிற் குலை தள்ளும். பனை வடலியாகிப் பாளை காண்பதற்கு ஒரு தலைமுறையின் பொறுமை வேண்டும். இரண்டாண்டு கழித்து வந்து, வாழை காய்த்தது, பனை காய்க்கவில்லை, ஆதலின் பனையைத் தறித்துவிடுக என்பவனை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கணிதமேதை இராமானுசன் 1916 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் ஓர் ஊகத்தைக் கூறினார். அதனை நிறுவியவர் பியர் டெலின் என்ற பெல்ஜிய நாட்டவர். அது வெளிவந்தது 1974 ஆம் ஆண்டு. இடையே 58 ஆண்டுகள்! இராமானுசன் 1920 இலேயே, தம் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். இரண்டாண்டுக் கணக்கை வைத்து அவரை நிறுத்திருந்தால் யாது தேறியிருக்கும்? ஆனால், 1913 ஆம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலக எழுதுவினைஞர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தபோது, கேம்பிறிட்ஜ் பேராசான் ஹாடி எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கடிதத்தை வாசித்தார். இச்சொல்லைப் பின்னர் மீண்டும் எடுப்பேன்.

எண்ணிக்கையின் விநோதங்கள் பல. இரண்டொன்று சொல்லி அப்பாற் செல்வேன். உலகத்தில் மிகுதியாக மேற்கோளான கட்டுரை எது என்று 2014 ஆம் ஆண்டு கணக்கெடுத்தபோது, 1951 ஆம் ஆண்டு லௌறி என்பாரும் துணைவரும் எழுதிய கட்டுரை 3,05,000 மேற்கோள்களுக்கு மேற் பெற்று முன்னின்றது. அது கூறுவது கரைசலிலுள்ள புரதத்தின் அளவைக் கணிக்கும் ஒரு செய்முறை. பயனுள்ள செய்முறையே, மறுக்கவில்லை. உலகைப் புரட்டிய கண்டுபிடிப்புகள் பல முதல் நூறிலேயே இடம்பெறவில்லை என்பதுதான் வேடிக்கை. 2015 ஆம் ஆண்டு வெளிவந்த பௌதிகக் கட்டுரையொன்றுக்கு ஆசிரியர் 5,154 பேர். அதன் 33 பக்கங்களில் ஒன்பதே ஆய்வைக் கூறின. எஞ்சியவை பெயர்ப் பட்டியல். தனியே இருந்து ஏடு பார்க்கும் தமிழ்ப் பண்டிதருக்கும் ஒரு கட்டுரை; இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுரை. இன்னொன்று நமக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயர் முதலெழுத்தாய் முன்னே நிற்கும். மேனாட்டார் வகுத்த பட்டியலில் ஒருமுறை தந்தை பெயராலும் ஒருமுறை சொந்தப் பெயராலும் பதிவாகி, ஒருவரே இருவராகிவிடுகின்றார். தனிநாயகம் அடிகளாரின் பெயரை ஆங்கிலத்திற் சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரு சொல்லாகவும் எழுதுவர். இயந்திரத்துக்கு அவர் இரு வேறு அடிகளார்.

இக்குறைகளைக் கண்டவர்கள் மாற்றொன்று வகுத்தனர். அதனைத் துறைவாரிச் சீராக்கம் எனலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மருத்துவ விரிவுரையாளர் ஒருவருடைய கட்டுரை 30 மேற்கோள் பெற்றது. அவ்வாண்டு வெளிவந்த அத்துறைக் கட்டுரைகளின் உலகச் சராசரியும் 30. கணித விரிவுரையாளருடைய கட்டுரை 8 மேற்கோளே பெற்றது. அவர் துறைச் சராசரி 4. வெறும் எண்ணைப் பார்த்தால் முன்னவர் மலை, பின்னவர் மடு. சராசரியால் வகுத்தாலோ முன்னவர் 1, பின்னவர் 2. வாழையை வாழையோடும் பனையைப் பனையோடும் ஒப்பிடும் நியாயம் இது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜோன் அயோனிடிசும் துணைவரும் 2019 முதல் வெளியிட்டுவரும் உலக விஞ்ஞானிகள் பட்டியலும், அறிவுத்துறைகளை 22 பெரும்பிரிவாகவும் 174 உட்பிரிவாகவும் வகுத்துக்கொண்டே எண்ணைக் கூறுகின்றது. அப்பட்டியலில் நம் நாட்டவர் பெயர் வந்தால் பத்திரிகைகளிற் படத்துடன் வெளியாவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

சீராக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் இக்கூட்டத்தில் மூத்தோர் சிலரின் முகம் மாறுவதைக் காண்கின்றேன். மாறத்தான் வேண்டும். வேறொரு பெயரில் அச்சொல் நம் வீடுகளில் நுழைந்த கதையை மறந்தவர் எவர்? 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பொறியியல் பயிலத் தமிழ்மொழி மாணவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களமொழி மாணவனுக்கு 227 போதும் என்றனர். மருத்துவத்துக்கு 250, 229 என்றனர். 1973 ஆம் ஆண்டு அதற்கே கணித உடை அணிவித்து, மொழிவாரியாகப் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொணர்வதாகக் கூறித் தரப்படுத்தல் என்று பெயரிட்டனர். மறு ஆண்டு மாவட்ட ஒதுக்கீடும் வந்து சேர்ந்தது. அதன் பயனாகப் படிப்பிழந்த இளைஞர் தலைமுறை எந்த வழியிற் சென்றது என்பது இந்நாட்டின் வரலாறு.

இரண்டிலும் கணிதம் ஏறக்குறைய ஒன்றே என்பதை ஒளிக்காமற் கூறுகின்றேன். ஒரு கூட்டத்தின் சராசரியைக் கண்டு, அக்கூட்டத்துள் ஒருவன் நிற்கும் இடத்தைக் கொண்டு அவனை மதிப்பிடுவதே இரண்டும். அவ்வாறாயின் ஒன்றை நீதி என்றும் மற்றையதை அநீதி என்றும் கூறுவது எங்ஙனம்? வேறுபாடு கணிதத்தில் இல்லை. கூட்டம் பிரித்த இடத்தில் உள்ளது. மருத்துவத்தில் மேற்கோள் மிகுதல் மருத்துவரின் திறமையால் அன்று. அத்துறையார் உசாத்துணை எழுதும் வழக்கத்தால். அவ்வழக்கின் விளைவை அகற்றுவது நியாயம். 1970களில் நடந்ததோ வேறு. தமிழ் மாணவர் பெற்ற புள்ளி பரீட்சகரின் பட்சபாதத்தால் வந்தது என்று ஒரு குற்றச்சாட்டை எழுப்பினர், அது நிறுவப்படவில்லை, ஆயினும் திறமையால் வந்ததையே வழக்கத்தால் வந்ததுபோற் கணித்து அகற்றினர். ஆதலால் எவரேனும் சீராக்கம் என்று கூறி முன்வந்தால் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. கூட்டத்தைப் பிரித்தவர் யார்? எந்தக் காரணத்தைக் கூறிப் பிரித்தார்?

இவ்வினாக்களை அறிஞர் அளவைமீதும் தொடுத்துப் பார்ப்போம். மேற்சொன்ன 174 உட்பிரிவுகளுள் தமிழியல் என்று ஓர் அறை இல்லை. இலக்கியம் என்றோர் அறை உண்டு. மொழியியல் என்றோர் அறை உண்டு. சங்கப் பாடலை ஆராயும் யாழ்ப்பாணத்து அறிஞர், சேக்ஸ்பியரை ஆராயும் இலண்டன் அறிஞரோடு ஒரே அறையில் நிறுத்தப்படுகின்றார். அதுவும் அவர் ஆங்கிலத்தில், பட்டியலிட்ட சஞ்சிகையில் எழுதியிருந்தால்! தமிழில் எழுதியிருந்தால் அறைக்குள்ளேயே விடார். ஏனெனில், சராசரி காண்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் தரவுத்தளத்தில் தமிழ் ஆய்விதழ்களுக்கு இடம் கிடைப்பது மிக அரிது. மாவட்டம் பிரித்தபோது நம் மாணவனுக்கு ஏதோ ஒரு மாவட்டமேனும் இருந்தது.

அடுத்த ஊரைப் பாருங்கள். சிறுப்பிட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி எடுத்து, ஒப்பிட்டு, 1881 இல் வீரசோழியத்தையும் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவருக்குப் பின் கலித்தொகையை ஆராய்ந்தோர் எல்லாரும் அவர் தோண்டிய கிணற்றில் நீர் மொண்டவர்களே. ஆயினும் கட்டுரையின் அடிக்குறிப்பிற் பாட்டின் எண் வரும். பதிப்பாசிரியர் பெயர் வருவது அருமை. இன்று அவர் விரிவுரையாளராய் இருந்து பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தால், பதிப்பித்தல் சுய ஆய்வன்று என்று கூறிப் புள்ளியைக் குறைக்க ஒருவர் எழுவார் என்று அஞ்சுகின்றேன்.

விபுலானந்த அடிகளோ விஞ்ஞானப் பட்டதாரி. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். பல்லாண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூலை 1947 ஆம் ஆண்டு கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார். எச் சுட்டெண்ணின் விதிப்படி ஒரே நூல் எழுதியவருக்கு, அந்நூலைப் பத்தாயிரம் பேர் எடுத்தாண்டாலும், எண் ஒன்றே. அடிகள் வேறு பல கட்டுரையும் எழுதினார் என்பது மெய். ஆனால் யாழ்நூலுக்காக அவ்வெண் அவருக்குத் தரக்கூடியது ஒன்றுக்கு மேல் இல்லை!

தமிழறிஞர் துயரம் ஒருபுறம் நிற்க. உங்கள் தோட்டத்துக்கு வருவோம். குடாநாட்டின் சுண்ணக்கல்லின் கீழுள்ள நன்னீரில் நைத்திரேற்று மிகுந்துவருவதை 1980கள் முதல் ஆய்வுகள் எடுத்துரைத்து வந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டத்துக்கு இடும் யூரியாவில் ஒரு பங்கு பயிருக்குச் சேராது மழையோடும் இறைப்போடும் இறங்கிக் கிணற்றிற் கலக்கின்றது. இனி, கிளிநொச்சி விவசாய பீடத்து இளைஞர் ஒருவர் வந்து நீர்வேலியின் கிணறுகளை மாதந்தோறும் சோதித்து, எந்தப் பருவத்தில் எவ்வளவு பசளை போதும் என்று தமிழில் ஒரு சிறு நூல் எழுதி உங்கள் கையில் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதனை வாசித்து நீங்கள் பசளையைக் குறைப்பீர்கள். குழந்தைகளின் குடிநீர் தூய்மையாகும். ஆனால், நீங்கள் கட்டுரை எழுதுபவரல்லர். ஆதலின் அவருக்கு மேற்கோள் இல்லை. அதே இளைஞர் எங்கோ ஒரு நாட்டார் வகுத்த சூத்திரத்தைச் சற்று மாற்றி ஆங்கிலத்தில் எழுதினால் மேற்கோள் குவியும். உத்தியோகம் நிலைக்கவேண்டிய இளைஞர் எதைச் செய்வார்? அவரைக் குறை கூறேன்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கை அறிவீர்கள். மின்னுற்பத்தி நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரலில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற் சான்றாய் நின்றவை கிணற்றுநீர்ப் பரிசோதனை அறிக்கைகள். அறிக்கை எழுதியவருக்குச் சுட்டெண் ஏறிற்றோ இல்லையோ, ஊராருக்கு நீதி ஏறிற்று. வன்னி வயல்களில் விளையும் ஏற்றி 362 என்ற நெல்லை எடுங்கள். அதனை ஆக்கிய ஆய்வாளர் பெயரை நம்முள் எவரும் அறியோம். விதைக்கும் ஒவ்வொரு போகமும் அவருக்கு ஒரு மேற்கோள் என்பேன் நான், கணக்கர் ஒப்பமாட்டார். இன்னும் ஒன்று. 2021 ஆம் ஆண்டு ஒரே கட்டளையால் இரசாயனப் பசளையைத் தடுத்தபோது, நம் நாட்டு விவசாய விஞ்ஞானிகள் விளைவு என்னவாகும் என்று முன்கூட்டியே எச்சரித்தனர். எண்களை அடுக்கி விஞ்ஞானிகளை நிறுக்கும் இதே அரசு அன்று அவர்கள் சொல்லுக்குச் செவிகொடுக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலே தடையை நீக்கியது. அதற்குள் உங்கள் பயிர் மஞ்சளாயிற்று.

இவ்வளவும் கூறக் கேட்டு, எண்களையெல்லாம் கடலில் எறிந்துவிடலாம் என்று எவரும் கைதட்டவேண்டாம். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன். எண் இல்லாத காலத்தில் எது ஆண்டது? சிபாரிசு ஆண்டது. உறவு ஆண்டது. மந்திரியின் கடிதம் ஆண்டது. சாதியும் ஆண்டது என்பதை நம் முகத்தை நாமே பார்த்துச் சொல்லவேண்டும். பின்னணி ஏதுமற்ற ஏழைக் கமக்காரன் மகன், "இதோ என் கட்டுரை, இதோ அதனை ஏற்றவர்கள்" என்று எடுத்து நீட்டுவதற்கு எண் ஒரு கைவாள். இருபது ஆண்டு ஒரு வரியும் எழுதாது பதவியில் அமர்ந்திருந்து, "என் ஆய்வு எண்ணுக்கு அடங்காது" என்று பெருமை பேசுவோரும் நம்மிடையே உளர். பனை என்று சொல்லிக்கொண்டு நிற்பன எல்லாம் பனையல்ல. சில வெறுங் கம்பங்கள்.

கடலுக்கு அப்பால் இந்தியாவில் நடந்ததையும் பார்க்கவேண்டும். அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2010 ஆம் ஆண்டு ஆசிரியர் உயர்வுக்குப் புள்ளிமுறை வகுத்தது. புள்ளி வேண்டும் என்றதும், பணம் வாங்கி எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. ஏற்கப்பட்ட சஞ்சிகைகள் என ஒரு பட்டியல் வெளியிட்டனர். 2018 ஆம் ஆண்டு அதிலிருந்து 4,305 பெயர்களை நீக்கவேண்டி வந்தது. 2019 இற் புதிய பட்டியல் ஒன்று வகுத்தனர். 2025 பெப்ரவரியில் அதனையும் கைவிட்டு, அந்தந்தப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கட்டும் என்றனர். பட்டியல் வைத்தாலும் கெடுகின்றது, எடுத்தாலும் கெடுகின்றது. வாசிக்க மறுப்பவன் கையில் எதுதான் கெடாது? ஹாடி கடிதத்தை வாசித்தார் என்றேன். விண்ணப்பதாரர் எழுதியவற்றுள் அவர் தெரிந்து தரும் மூன்றையோ நான்கையோ, அத்துறை அறிந்த இருவர் முழுமையாக வாசித்து, எழுத்திற் கருத்துரைப்பதற்கு ஈடு எந்த எண்ணிலும் இல்லை. எண் அவர்களுக்குத் துணை நிற்கட்டும்.

2015 ஆம் ஆண்டு, 'லெய்டன் விஞ்ஞாபனம்' என்ற பெயரில் இவ்வளவைத் துறை வல்லுநர் சிலர் பத்து நெறிகளை வெளியிட்டனர். நம் உள்ளத்திற் கிடந்ததை அவர்கள் எழுதினார்களோ என்று தோன்றும். உள்ளூருக்குப் பயன்படும் ஆய்வின் சிறப்பைப் பேணுக என்கிறது ஒரு நெறி. துறைக்குத் துறை உள்ள வேறுபாட்டைக் கணக்கிற் கொள்க என்கிறது மற்றொன்று. அளக்கப்படுவோர் தம்மை அளந்த தரவையும் கணக்கையும் தாமே சரிபார்க்க இடங்கொடுக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. இம்மூன்றாவதையே நான் பெரிதாக எடுக்கின்றேன். சந்தையில் தராசு விற்பவன் பக்கம் திரும்பி இருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

நம் பங்குக்கு நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. தமிழ் ஆய்வுக்கு மேற்கோட் சுட்டி இல்லை என்று பிறரை நோவதிற் பயனில்லை. அதை ஆக்கவேண்டியவர் நாமே. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தபோது, அவற்றுட் பலவற்றின் பெயர் தவிர வேறு நினைவு எஞ்சவில்லை. 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் தேடிச் சேர்த்து யாவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் 'சிந்தனை' போன்ற ஆய்விதழ்களின் அடிக்குறிப்புகளை எடுத்து, யார் யாரை எடுத்தாண்டார் என்று நிரைப்படுத்தும் பணியை மாணவர் சிலர் ஒரு கோடை விடுமுறையிலே தொடங்கிவிடலாம். காபீல்ட் தொடங்கியபோது அவர் கையில் இருந்ததும் துளையிட்ட அட்டைகளே. அடிக்குறிப்பிற் பதிப்பாசிரியர் பெயரையும் தவறாது எழுதவேண்டும் என்று நம் சஞ்சிகை ஆசிரியர்கள் ஒரு விதி செய்வார்களாயின், சிறுப்பிட்டியார் கடனிற் சிறிதளவேனும் தீரும்.

அரசினரிடமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நாம் கேட்பவை இக்கூட்டத்தின் தீர்மானத்தில் அடங்கியுள்ளன. பதவி உயர்வுக் கணக்கில் எந்தத் தரவுத்தளம், எந்தத் துறைப்பிரிவு, எந்தச் சராசரி கொள்ளப்பட்டது என்பதை விண்ணப்பதாரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறு கண்டால் முறையிட இடமும் காலமும் தர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வெளிவந்த ஆய்வுநூல், பதிப்பு, கள அறிக்கை ஆகியவற்றை, பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளாது, துறையறிந்தோர் வாசித்த பின்னரே புள்ளியிட வேண்டும். வட மாகாணத்தின் நீரையும் மண்ணையும் பற்றி அரச பணத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வின் முடிவும், ஆங்கிலத்தில் எங்கு வெளிவரினும், தமிழிற் சுருக்கமாக எழுதப்பெற்றுக் கமக்காரர் சங்கங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அங்ஙனம் எழுதியவருக்கு அதற்குரிய புள்ளியும் உண்டு என்று விதி செய்ய வேண்டும்.

இறுதியிற் சொன்னதைக் கேட்பதற்கு ஆணைக்குழுவின் விடைக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. இவ்வூர்க் கமக்காரர் சங்கத்தார் விவசாய பீடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, நீர்வேலிக் கிணறுகளைப் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகளின் முடிவுகளைத் தமிழில் தருமாறு கேட்கலாம். அதன் நகல் மேசையில் இருக்கின்றது. கையொப்பமிட விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் முன்வருக. தீர்மானத்தின் வாசகத்தைத் தலைவர் அவர்கள் இப்போது வாசிப்பார்.